ஒரே முகத்தில் நான்கு வேடங்கள்: சிங்கப்பூர் ஊடகங்களில் சிறுபான்மையினர் காட்டப்படும் விதம்

தேக்கா வாசகர்:

2019ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் சிங்கப்பூரில் வெளிவந்த ஒரு விளம்பரத்தைப் பற்றிய பேச்சு, சென்ற வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் எதிர்பாராமல் எழுந்து, கூட்டம் கலைந்த பிறகும் கோப்பிக்கடை வரை நீண்டது. வந்திருந்த இளையவர்கள் பலருக்கு அதன் விவரம் தெரியவில்லை. ஆகவே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உணவங்காடி நிலையங்களிலும் கோப்பிக்கடைகளிலும் மின்னிலக்க முறையில் பணம் செலுத்தும் இ-பே சேவையை மக்களுக்கு அறிமுகப்படுத்த நெட்ஸ் நிறுவனம் அந்த விளம்பரத்தை வெளியிட்டது. ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் சீனக் கலைஞர் டெனிஸ் சியூ அதில் நான்கு வேடங்களில் தோன்றினார். இரண்டு வேடங்கள் சீனர்கள். ஒன்று தூடோங் எனும் முக்காடு அணிந்த மலாய்ப் பெண். மற்றொன்று தோலைக் கருமையாக்கிக்கொண்ட இந்திய ஆடவர். அந்த ஆடவர் அணிந்திருந்த அடையாள அட்டையில் ‘கே. முத்துசாமி’ என்ற பெயர் இருந்தது. கண்டனம் எழுந்ததும், விளம்பரத்தைத் தயாரித்த ஹாவாஸ் நிறுவனமும் மீடியாகார்ப்பின் கலைஞர் நிர்வாகப் பிரிவும் வருத்தம் தெரிவித்தன. மின்னிலக்கக் கட்டணம் எல்லாருக்கும் உரியது என்பதே விளம்பரத்தின் செய்தி என்றும், பல பாத்திரங்களை ஒருவரே ஏற்று நடிக்கும் திறமைக்காகவே அக்கலைஞரைத் தேர்ந்தெடுத்ததாகவும் அவை விளக்கம் அளித்தன.

என்னை உறுத்துவது முகப்பூச்சைவிட இந்த விளக்கம்தான். எல்லாருக்கும் உரிய சேவை என்று சொல்ல வந்த விளம்பரத்தில் எல்லாரும் இருக்கவேண்டிய தேவை இல்லை என்று சிலர் முடிவு செய்திருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வசிப்போரில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. 2008 முதல் இந்தியர்களுக்கென்று வசந்தம் தொலைக்காட்சி முழு ஒளிவழியாக இயங்குகிறது. அதில் நடிகர்கள் நிறைய இருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் ஒரு முத்துசாமிக்கு முத்துசாமி கிடைக்கவில்லை. இத்தகைய சித்திரிப்புகள் சிறுபான்மைச் சமூகத்தின் அன்றாட வாழ்வில் என்ன செய்கின்றன என்பதையே இங்கே பேச விரும்புகிறேன். அவரவர் கண்டதை எழுதுங்கள்.

ஜூரோங் பொறியாளர்:

எதிர்க்கருத்தோடு தொடங்குவதற்கு மன்னிக்கவும். அந்த விளம்பரம் ரசனைக் குறைவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை இனவாதம் என்று அழைக்கும்போது, உண்மையான இனவாதத்துக்கு வேறு பெயர் தேடவேண்டிய நிலை வந்துவிடுகிறது. பஞ்சாபித் தந்தைக்குப் பிறந்த குர்மித் சிங், புவா சூ காங் என்ற சீனக் கட்டுமானக் குத்தகைக்காரராக 1997 முதல் பத்தாண்டுகள் தொலைக்காட்சியில் நடித்தார். சுருட்டை முடி, கன்னத்தில் மச்சம், மஞ்சள் நிறக் காலணி, கொச்சை ஆங்கிலம் என்று அந்தப் பாத்திரமும் ஓர் இனத்தின் ஒரு பிரிவினரைக் கேலி செய்ததுதான். சீனர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவருடைய தாயார் சீன, ஜப்பானிய வழியினர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று யாரும் அவருடைய பிறப்பைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாளன்று பள்ளிகளில் சீனப் பிள்ளைகள் வேட்டி கட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் சியோங்சாம் எனும் சீன உடை அணிகிறார்கள். அதைப் படம் எடுத்துப் பெருமையோடு பகிரும் நாம், சில நாள் கழித்து வந்த விளம்பரத்தில் மட்டும் வேடத்தைக் குற்றமாகப் பார்ப்பது எந்த அளவுகோலின்படி? எதற்கெடுத்தாலும் புண்படும் சமூகம் என்ற பெயரை நாமே சம்பாதித்துக்கொண்டால், அதுவும் ஒரு வார்ப்புருவாகி நம்மீதே ஒட்டிக்கொள்ளும்.

விளம்பரக்காரர்:

நான் இங்குள்ள விளம்பரத் துறையில் நெடுங்காலமாக இருப்பவன். அந்த விளம்பரத்தில் எனக்குத் தொடர்பு இல்லை. ஆகவே அங்கே நடந்ததை ஊகிக்க மாட்டேன். பொதுவாக ஒரு விளம்பரத்தில் சிறுபான்மை முகம் எப்படி உள்ளே வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாடிக்கையாளரின் குறிப்பு வந்ததும் படைப்புக் குழு ஒரு கதையை எழுதும். அது ஒப்புதல் பெற்ற பிறகு, நடிகர் தேர்வுக்காக ஒரு தாள் தயாராகும். என் மேசையைக் கடந்து சென்ற தாள் ஒன்றில் முதல் பாத்திரத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்: ‘28 வயது, அண்மையில் தாயானவர், தூக்கமில்லாமல் களைத்திருந்தாலும் கிண்டல் பேசத் தயங்காதவர், கணவரைவிட மாமியாரோடு நெருக்கம்.’ அதே தாளின் அடியில் இருந்தது இவ்வளவுதான்: ‘இந்தியர், ஆண், 40க்கு மேல், சிரித்த முகம்.’ மேலே இருப்பவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. கீழே இருப்பவருக்கு ஒரு நிறம் இருக்கிறது. இதை எழுதியவர் தீயவர் அல்லர். அலுவலகத்தில் எல்லாருக்கும் தீபாவளி முறுக்கு வாங்கி வருபவரே அவர்தான். அவருக்கு முதல் பெண்ணைத் தெரியும். அவர் வீட்டிலும் நட்பு வட்டத்திலும் அத்தகைய பெண்கள் இருக்கிறார்கள். இரண்டாவது மனிதரை மின்தூக்கியில் பார்த்திருக்கிறார்.

படப்பிடிப்பன்று அந்த இந்திய நடிகர் தம் ஒற்றை வரியைத் தமது இயல்பான ஆங்கிலத்தில் சொன்னார். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே தேசிய சேவை ஆற்றியவர். மற்றவர்கள் பேசும் அதே ஆங்கிலம்தான் அவருடையதும். திரைக்குப் பின்னால் சிறிது நேரம் அமைதி. பிறகு, இன்னும் கொஞ்சம் ‘இந்தியராக’ சொல்லிப் பார்க்கலாமா என்று பணிவோடு கேட்டார்கள். அவர் தலையை ஆட்டி, ஓசையை உருட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், காட்சி முடிந்தது. 2017இல் ஒரு திரைப்படத்திற்கான நடிகர் தேர்வில் தமக்கு இத்தகைய கோரிக்கை வந்ததென்று உள்ளூர் நடிகர் ஷ்ரே பார்கவா ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் காவல்துறை விசாரணைக்குச் செல்ல நேர்ந்தது. பொதுவெளியில் சொன்னதால் நாம் அவரை அறிவோம். சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பவர்களை நான் அறிவேன்.

பொறியாளர் நண்பருக்கு ஒரு பதில். புவா சூ காங் திரையில் தோன்றிய அதே வாரத்தில் சீன மருத்துவர், சீனக் காதலர், சீனக் கொலையாளி, சீனத் துப்பறிவாளர் என்று பல பாத்திரங்கள் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தன. அவரைப் பார்த்து ஒரு சீனச் சிறுவன் சிரித்துவிட்டு அடுத்த நாடகத்தில் தன்னை வேறு விதமாகக் காணலாம். அந்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு ஆங்கில, சீன ஒளிவழிகளில் இல்லை.

ஈசூன் ஆசிரியை:

இன நல்லிணக்க நாளைப் பற்றிப் பொறியாளர் கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். ஆண்டுதோறும் அந்த நாளுக்கு ஏற்பாடு செய்பவர்களில் நானும் ஒருத்தி. 1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி தொடங்கிய இனக் கலவரத்தை நினைவுகூரும் நாள் அது. வேட்டி கட்டும் சீனச் சிறுவனுக்கு அந்த வேட்டியைப் பெரும்பாலும் ஒரு தமிழ் நண்பன்தான் கொண்டுவந்து கொடுக்கிறான்; இடுப்பில் நிற்காமல் அவிழும்போது அவனே கட்டியும் விடுகிறான். உடையைக் கொடுக்க ஒருவன் அங்கே இருக்கிறான். முகத்தில் பூசுவதற்கு யாரும் யாரிடமும் தோலைக் கேட்டு வாங்குவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் இயலவில்லை. இருப்பினும், உடை மாற்றிப் படம் எடுத்துக்கொள்வதோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது என்ற குறை எனக்கும் உண்டு.

நான் சொல்ல விரும்புவது வேறு. தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் நன்னெறிப் பாடத்துக்காகப் பிள்ளைகளே சிறு நாடகம் தயாரிப்பார்கள். ஆசிரியர் தலையிடக்கூடாது என்பது விதி. அவர்கள் பாத்திரங்களைப் பங்கிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வழி தவறிய பிள்ளை, கண்டிப்பான தாய், அன்பான பாட்டி ஆகிய வேடங்களுக்குச் சண்டை நடக்கும். பாதுகாவலர், வெளிநாட்டு ஊழியர், குடித்துவிட்டுத் தள்ளாடுபவர் ஆகிய வேடங்களுக்குச் சண்டையே இருக்காது. அவை தமிழ்ப் பையனிடம் தாமாகவே போய்ச் சேரும். அவனும் மறுக்க மாட்டான். யாரும் அவனை இழிவுபடுத்த நினைக்கவில்லை; ‘உனக்கு இது நன்றாக வரும்’ என்று பாராட்டித்தான் கொடுக்கிறார்கள்.

ஒரு பையன் பாதுகாவலராக நடித்தபோது ஓசையை உருட்டித் தலையை ஆட்டிப் பேசினான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அதுவரை பேசாமடந்தையாக இருந்தவனுக்கு அன்றிலிருந்து வகுப்பில் ஓர் இடம் கிடைத்தது. ஆண்டு முழுவதும் கணக்குப் பாடத்திலும் கழிவறை வரிசையிலும் அந்தக் குரலிலேயே பேசினான். பெற்றோர் சந்திப்புக்கு அவன் தந்தை வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். மகன் வகுப்பில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தது அச்சு அசலாக அவருடைய ஆங்கிலம். அவர் என்னிடம் பேசி முடிக்கும்வரை அந்தப் பையன் வாயைத் திறக்கவே இல்லை.

இதற்கு எந்த விளம்பரம் காரணம், எந்த நாடகம் காரணம் என்று என்னால் சுட்ட இயலாது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமல் இந்தப் பங்கீட்டைச் செய்கிறார்கள் என்றால், அவர்கள் எதையோ பார்த்துப் படித்திருக்கிறார்கள்.

கிள்ளான் வாசகி:

கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு செய்தி. 2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி மலேசியாவில் வாட்சன்ஸ் கடைகள் வெளியிட்ட காணொளியில், பழங்கதை ஒன்றைத் தழுவி, கறுப்பு மை பூசிய பெண் ஒருத்தி வருவாள். கடையின் அழகுப் பொருள்களைப் பயன்படுத்தியதும் வெளுத்துவிடுவாள். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார்கள். அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கறுப்பாக இருப்பது குறை என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. அது எங்கள் தமிழ் வீடுகளில் பெண் பார்க்க வருபவர்கள் நாள்தோறும் பேசும் பேச்சுதான் என்பதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. இங்குள்ள மலாய் நாடகங்களில் தமிழர் என்றால் அடியாள், குடிகாரர், சட்டி பானை உடைய அழும் அம்மா. தமிழ்ப் படங்களைப் பார்த்து நாங்களும் கறுப்பான நகைச்சுவை நடிகரின் நிறத்தைக் கேலி செய்யும்போது சிரித்தே வளர்ந்தோம். ஆகவே பூச்சு டப்பா பெரும்பான்மையினர் கையில் மட்டும் இருப்பதாக எழுதவேண்டாம்.

துவாஸ் ஊழியர்:

பெரியவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். கப்பல் பட்டறையில் வேலை. இங்கே பிறந்த அண்ணன்மாரும் அக்காமாரும் விளம்பரத்தில் தங்கள் முகம் எப்படி வருகிறது என்று பேசுகிறீர்கள். எங்கள் முகம் விளம்பரத்தில் வருவதில்லை, செய்தியில்தான் வருகிறது. அதைப் பற்றிச் சிறிது எழுத அனுமதியுங்கள்.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, லிட்டில் இந்தியா வட்டாரத்தின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதித் தமிழகத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் இறந்தார். அதையொட்டி ஏறத்தாழ 300 பேர் கலவரத்தில் ஈடுபட்டார்கள். காவல் வாகனங்கள் எரிந்தன. 1969க்குப் பிறகு இந்த நாடு கலவரத்தைக் கண்டதில்லை என்பதால் அதிர்ச்சி பெரிதாக இருந்தது; அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு வந்த படங்களையும் வாசகர் கருத்துகளையும் நினைத்துப் பாருங்கள். புல்தரையில் படுத்திருக்கும் ஊழியர், கையில் பீர்ப் புட்டி, பக்கத்தில் குப்பை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா எனும் அந்த வட்டாரத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், ஊர்க்காரனைப் பார்க்கவும் வருகிறார்கள். பணம் அனுப்பும் கடையில் நிற்கும் நீண்ட வரிசையை யாரும் முதல் பக்கத்தில் போட்டதாக எனக்கு நினைவில்லை. 2015இல் வந்த மதுபானச் சட்டம் இரவு 10.30 மணிக்கு மேல் பொதுவிடத்தில் குடிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் மட்டும் கூடுதல் கட்டுப்பாடுகள். குடிக்காத நானும் அன்றிலிருந்து கையில் தண்ணீர்ப் புட்டியோடு அங்கே நடந்தால் அதைத் திருப்பி முகர்ந்து பார்ப்பார்களோ என்ற கூச்சத்தோடுதான் நடந்தேன்.

பிறகு 2020 வந்தது. தங்குவிடுதியில் ஓர் அறைக்கு 12 முதல் 20 பேர். கழிவறையும் சமையலறையும் பொது. கிருமி ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும் என்பதைக் கணக்குப் போட மருத்துவராக இருக்கவேண்டியதில்லை. ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அரசாங்கமே அறிவித்தது. அந்த ஏப்ரல் மாதத்தில் சீன நாளிதழான சாவ்பாவில் வாசகர் கடிதம் ஒன்று வெளியானது. தொற்றுக்கு எங்கள் சுகாதாரப் பழக்கங்களும் நாங்கள் வந்த பின்தங்கிய நாடுகளும்தான் காரணம் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. அமைச்சர் சண்முகம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார், அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் எங்களில் ஒருவரோடும் ஒரு வேளை உணவு உண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கு எங்களைக் காட்டியது பத்திரிகைப் படங்கள்தான்.

அப்போது நாள்தோறும் மாலையில் தொற்று எண்ணிக்கை இரண்டு வரிகளாக வரும். ‘சமூகத்தில்’ இத்தனை பேர் என்பது ஒரு வரி. ‘தங்குவிடுதிகளில்’ இத்தனை பேர் என்பது இன்னொரு வரி. நோயைக் கட்டுப்படுத்த அந்தப் பிரிவு தேவைப்பட்டிருக்கலாம். சமூகத்தில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் மகிழ்ச்சியோடு சொல்லும்போது, நாங்கள் படுக்கையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளூர்த் தமிழர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தியர்களைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால், ‘அது நாங்கள் இல்லை, வேலைக்கு வந்தவர்கள்’ என்று உங்களில் சிலர் விலகிக்கொள்கிறீர்கள். ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் நிற்பவர்களில் தமிழர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மீது ஒட்டும் சாயத்தைத் துடைத்து எங்கள் மீது பூசிவிட்டால் அது போய்விடும் என்று நினைக்கிறீர்களா?

தேக்கா வாசகர்:

துவாஸ் தம்பியின் கேள்வி நியாயமானது. 2021 மே மாதம் சுவா சூ காங் வட்டாரத்தில் நடைப்பயிற்சி மேற்கொண்டிருந்த, இங்கேயே வாழும் 55 வயது இந்தியப் பெண்மணி ஒருவர் இன வசைக்கும் உதைக்கும் ஆளானார். கிருமியின் புதிய திரிபை ஊடகங்கள் நாட்டின் பெயரால் அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. தாக்கியவர் அந்தப் பெண்மணியின் குடியுரிமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டா உதைத்தார்? வீடு வாடகைக்கு விடுபவர்களும் அவ்வாறே. ‘இந்தியர் வேண்டாம்’ என்று விளம்பரத்தில் எழுதும் உரிமையாளருக்கு நான்காம் தலைமுறைத் தமிழனும் நேற்று வந்தவனும் ஒன்றுதான். நான் தொலைபேசியில் பேசும்போது இருந்த வீடு, என் பெயரைச் சொன்னதும் ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டிருக்கிறது. சமையல் வாசனை பற்றிய கவலை என்பார்கள். எந்த நாடகத்தில் எந்த வீட்டிலிருந்து அந்த வாசனையை அவர்கள் முதன்முதலில் முகர்ந்தார்களோ!

ஜூரோங் பொறியாளர்:

துவாஸ் நண்பர் எழுதியது என்னைச் சிந்திக்க வைத்தது. செய்திப் படங்களைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் விளம்பர விவகாரத்தில் நம் தரப்பு நடந்துகொண்ட விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உள்ளூர் இந்தியக் கலைஞர்களான பிரீத்தி நாயரும் அவர் சகோதரர் சுபாஸ் நாயரும் அந்த விளம்பரத்தைக் கண்டித்து ஒரு சொல்லிசை (ராப்) காணொளியை வெளியிட்டார்கள். அதில் சீனர்களை நோக்கிக் கெட்ட வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. இதையே ஒரு சீனர் நம்மைப் பார்த்துப் பாடியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போமா என்ற அமைச்சர் சண்முகத்தின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு விளம்பரத்துக்காக வெட்கப்பட்டிருக்கவேண்டியவர்களுக்கு, அந்தப் பாட்டுக்குப் பிறகு தாங்களே பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது.

தேக்கா வாசகர்:

பாட்டின் சொற்களை நானும் விரும்பவில்லை. என் பேத்தி அதைப் பாடினால் நிறுத்தச் சொல்வேன். ஆனால் விளைவுகளை வரிசையாகப் பாருங்கள். விளம்பரம் ரசனைக் குறைவானது, சிறுபான்மையினரைப் புண்படுத்தியது என்று தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சொன்னது; விதிமீறல் இல்லை என்றும் சொன்னது. விளம்பரத் தர ஆணையமும் தன் நெறிமுறை மீறப்படவில்லை என்றது. குற்றம் எதுவும் இல்லை என்பது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் கருத்து. காணொளியோ உடனடியாக நீக்கப்பட்டது. அக்காணொளியை வெளியிட்ட உடன்பிறப்புகள் இருவருக்கும் அந்த ஆகஸ்டு மாதம் 24 மாத நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கிடைத்தது. சுபாஸ் நாயர் பின்னர் வேறு பதிவுகளுக்காகவும் குற்றஞ்சாட்டப்பட்டு, 2023இல் ஆறு வாரச் சிறைத்தண்டனை பெற்றார்.

சட்டம் சொற்களை அளக்கத் தெரிந்தது. வசைச் சொல்லுக்கு எல்லை வகுக்கலாம். அதைச் சொன்னவர் யார் என்றும் தெரியும். முத்துசாமி வேடத்துக்காக யார் மீது வழக்குப் போடுவது? குறிப்பு எழுதியவரா, ஒப்புதல் தந்தவரா, ஒப்பனை செய்தவரா, நடித்தவரா? ஒவ்வொருவரும் ஒரு சிறு பகுதியைத்தான் செய்தார்கள். ஒருவர் மனத்திலும் தீய எண்ணம் இல்லை. இதனால்தான் நோக்கத்தை மட்டும் வைத்து அளக்கும் பொறியாளரின் கோல் எனக்குப் போதவில்லை. இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் வேலையிட நியாயச் சட்டமும் 2025இல் நிறைவேறின. வேலை மறுக்கப்படுபவருக்கு இரண்டாவது சட்டம் உதவும் என்று நம்புகிறேன். நடிகர் தேர்வுத் தாளின் கடைசி வரியை எந்தச் சட்டமும் திருத்தி எழுதப்போவதில்லை.

விளம்பரக்காரர்:

அந்தத் தாளைப் பற்றி ஒரு தகவல். 2019க்குப் பிறகு என் துறையில் முகப்பூச்சு அனேகமாக ஒழிந்துவிட்டது. எல்லா விளம்பரத்திலும் நான்கு இனத்தவரும் வரிசையாக நிற்கிறார்கள். இந்தியர் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில், இடப்பக்கம். அதற்கு மேல் எதுவும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு முறை, வங்கி விளம்பரம் ஒன்றில் வீட்டுக்கடன் வாங்கும் குடும்பத்தைத் தமிழ்க் குடும்பமாக வைக்கலாம் என்று கதையோடு சென்றேன். மிக நன்றாக இருக்கிறது, தீபாவளிக்கு வைத்துக்கொள்வோம் என்றார்கள். நாங்கள் தீபாவளிக்கு மட்டும் வீடு வாங்குவதில்லை என்று சொன்னதற்குச் சிரித்தார்கள். கதை சீனக் குடும்பத்துக்குப் போனது.

ஜூரோங் பொறியாளர்:

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. ஆசிரியையிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சிறுவனை என்ன செய்தீர்கள்? அப்படிப் பேசாதே என்று நீங்கள் தடுத்திருந்தால், அவன் தந்தையின் பேச்சு மறைக்கவேண்டிய ஒன்று என்று ஆசிரியையே சொன்னதாகாதா? என் தந்தையும் துறைமுகத்தில் அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் மேற்பார்வையாளராக உயர்ந்தார். அவரைப் போலப் பேசி நான் நண்பர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அது எனக்கு அன்பாகத்தான் இருந்தது.

ஈசூன் ஆசிரியை:

தடுக்கவில்லை, ஐயா. அதே காரணத்துக்காகத்தான் தயங்கினேன். அடுத்த நாடகத்தில், அதே குரலில், ஆனால் மருத்துவராக நடி என்றேன். வகுப்பு பாதுகாவலருக்குச் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தது. அந்தக் குரலில் மருத்துவர் பேசுவது அவர்களுக்கு இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது. அடுத்த பருவத்தில் மேடைக்கு வரவில்லை, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனே கேட்டான்; அனுமதித்தேன். நீங்கள் வீட்டில் சிரித்தபோது அங்கே உங்கள் தந்தையை முழுதாகத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். இவனுக்கு அப்படி ஓர் அவை வாய்க்கவில்லை.

விளம்பரக்காரர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்து உயர்நிலைப்பள்ளியில் ஊடகக் கல்விக்கென்று வாரம் ஒரு பாடவேளை இருக்கிறது. அந்த நடிகர் தேர்வுத் தாளைப் போன்ற சிலவற்றைக் கொண்டுவந்து காட்டி, ‘கடைசி வரியில் இருப்பவரைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதுங்கள்’ என்று எல்லா இனப் பிள்ளைகளையும் எழுதச் சொல்ல முடியுமா? துவாஸ் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் விடுப்புக் கிடைக்குமானால் அவரையும் அழைக்க விரும்புகிறேன்.

துவாஸ் ஊழியர்:

வார நாளில் விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள், அக்கா. பள்ளியிலிருந்து என் மேலாளருக்கு ஒரு கடிதம் தந்தால் கேட்டுப் பார்க்கிறேன்.

விளம்பரக்காரர்:

வருகிறேன். தாள்களில் உள்ள நிறுவனப் பெயர்களை மறைத்துவிட்டுத்தான் கொண்டுவர முடியும். அதற்கு ஒரு வாரம் ஆகும். எத்தனை மாணவர்கள் என்று தெரிவியுங்கள்.